கடல்குதிரைக்கு யாரும் மாலை போடவில்லை

மேலகரத்தில் வந்து சங்கரேஸ்வரி வீடு எது என்று கேட்டால் ஆட்கள் முழிப்பார்கள். ஏட்டம்மா வீடு என்று கேட்டுப் பாருங்கள், சைக்கிளில் போகிற சின்னப் பிள்ளைகூட நின்று கைகாட்டிவிட்டுப் போகும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில், போலீசில் ஏட்டாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பொம்பளை அவள் ஒருத்திதான். காக்கியைக் கழற்றி மடித்து வைத்தாயிற்று. ஆனால் அந்தக் குரலை என்ன செய்ய முடியும்? காய்காரனிடம் கத்தரிக்காய் விலை கேட்டாலும் அவன் தராசைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறான்.

வேலையில் இருந்தபோது, சீசன் காலத்தில் குற்றாலம் மெயினருவியில் பெண்கள் பக்கம் அவளுக்குத்தான் டூட்டி. சாரலில் தொப்பி ஊறி, பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து, நாள் முழுக்க விசிலும் வாயுமாக நிற்பாள். முழங்கால் போனது அந்த ஈரத்தில்தான். ஒரு சீசனில் பெரிய இடத்து ஆம்பிளைகள் நாலைந்து பேர் கூட்டத்துக்குப் பயந்து பெண்கள் பக்கமாகக் குளிக்க வந்தார்கள். நாங்கள் யாரென்று தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும், தெரிந்ததால்தான் இன்னும் வாயால் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாள். மறுவாரமே கடையத்துக்கு மாற்றல். தெரியாமல் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உத்தரவு நின்றிருக்கும். அவளா சொல்லுவாள்? தெரிந்துதானே பேசினாள். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கடையம் போய்ச் சேர்ந்தாள்.

இப்படிப்பட்டவள் வீட்டு நடுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்குதிரை வளர்க்கிறாள் என்றால் ஊர் சிரிக்கத்தானே செய்யும். கடல் பக்கத்திலா இருக்கிறது? பஸ் மாறிப் போனால் பாதி நாள் ஆகும். சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகள் ஜெயபிரியாவுக்குக் கொச்சிப் பக்கம் ஒரு அலங்கார மீன் பண்ணையில் வேலை. கடலில் வலைபோட்டுப் பிடித்த கடல்குதிரையை வீட்டில் வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான், அது ஏட்டம்மாவுக்குத் தெரியாத சட்டமா? இவை பண்ணைத் தொட்டியிலேயே பிறந்த வெளிநாட்டு இனம். அனுமதியும் பதிவும் முறைப்படி கைக்கு வந்து, எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்த பிறகுதான் அவள் தொட்டியில் தண்ணீரே ஊற்றினாள். தை மாதம் நாலு கடல்குதிரைகள் வந்தன. மூன்று பெண், ஒன்று ஆண். ஆண் கடல்குதிரை பிளாஸ்டிக் பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அவள் புருசன் பாண்டித்துரை விழுந்து விழுந்து சிரித்தான். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவன் அவன். எங்கள் சுபேதார் இப்படித்தான் நிற்பார் என்றான். அன்றிலிருந்து அதற்குச் சுபேதார் என்றே பெயர்.

வந்த வாரம் முழுக்க சுபேதாரும் கூட்டமும் பட்டினி. தென்காசி வளர்ப்பு மீன்கடையில் விற்கிற வண்ணத்தூளை வாங்கி வந்து தூவினாள். கடல்குதிரைக்கு ஒரு கண் மேலே பார்க்கும், ஒரு கண் கீழே பார்க்கும், இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். அந்த இரண்டு கண்ணாலும் தூள் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தன, வாயைத் திறக்கவில்லை. உருண்டைத் தீனி போட்டாள், அதற்கும் அதே மரியாதைதான். போனில் மகளைப் பிடித்துக் கத்தினாள். மகள் அம்மாவுக்குப் பிறந்தவள்தானே, அவளும் திருப்பிக் கத்தினாள். ஆடாத அசையாத பொருளை அது இரை என்றே நினைக்காது. அதற்குப் பல் கிடையாது, இரைப்பையும் கிடையாது. குழல் மாதிரி வாயால் உறிஞ்சுவது குடலோடு ஓடிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு மூன்று தடவையாவது, சத்துள்ளதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் முதலிலேயே எழுதி அனுப்பினேனே, வாசிக்கவில்லையா என்றாள். சட்டக் காகிதத்தை வாசித்த அளவுக்குத் தீனிக் காகிதத்தை ஏட்டம்மா வாசிக்கவில்லை என்பது உண்மைதான்.

அதன்பிறகு ஆர்ட்டிமியா. உப்புத் தண்ணீரில் வளர்கிற பூச்சி அது. அதன் முட்டை, டப்பாவில் பொடியாக வரும், உப்புநீர் பாட்டிலில் போட்டுக் காற்றுக் குழாய் விட்டால் மறுநாள் புள்ளி புள்ளியாகத் துள்ளும். அதை வளர்த்துப் பெரிதாக்கித் தொட்டியில் விட்டாள். அடடா, என்ன வேட்டை! டக் டக் என்று சத்தம் கேட்க உறிஞ்சித் தள்ளின. இவளுக்கும் குளிர்ந்துபோனது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சுபேதாருக்கு நெஞ்சாங்கூட்டு வரி தெரிகிறது. தின்கிறதுதான், ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. பொரியைத் தின்று வயிற்றை நிரப்புகிற மாதிரி என்று மகள் சொன்னாள். பொரிந்த அன்றைக்கு அந்தக் குஞ்சிடம் சத்து இருக்கும், வளர்ந்தால் வெறும் கூடு. வளர்ந்ததைக் கொடுப்பதானால் முதலில் அதற்குப் பாசிப்பொடி தின்னக் கொடுத்து, அது வயிறு பச்சையான பிறகு இதற்குக் கொடுக்க வேண்டும். பூச்சிக்கே சமைத்துப் போடச் சொல்லுகிறாளே என்று ஏட்டம்மா முனகினாள், ஆனாலும் செய்தாள்.

கடைசியில் கை கொடுத்தது கூனி. இத்தூண்டு இறால், வெயிலில் காயவைத்துப் பொடி செய்து நம் ஆட்கள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்களே, அதுதான். காய்ந்த கூனி கடல்குதிரைக்கு ஆகாது. பச்சைக் கூனி வேண்டும், உப்போ மருந்தோ படாமல் ஐஸில் மட்டும் வந்தது வேண்டும். தூத்துக்குடியிலிருந்து ஐஸ்பெட்டி வண்டியில் மீன் கொண்டுவருகிற வியாபாரி ஒருவர் உண்டு, பெயரே கடற்கரை. அவரிடம் சொல்லிவைத்தாள். அவர் கொண்டுவந்ததைத் தட்டில் கொட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். உடம்பு வெளுத்திருந்தால் பழசு, ஒதுக்கு. தலை கழன்றிருந்தால் சத்துப் போயிற்று, ஒதுக்கு. சுபேதார் வாய்க்குள் போகாத பருமன் என்றால் அதையும் ஒதுக்கு. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிறது மட்டும் இந்தப் பக்கம். பாதிக்கு மேல் திரும்பிப் போகும். நகைக்கடையில்கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று கடற்கரை சலித்துக்கொள்வார். நகையை யாரும் தின்கிறதில்லை அண்ணாச்சி என்பாள்.

பொறுக்கியதைத் தட்டையாகப் பொட்டலம் கட்டிக் குளிர்பெட்டியில் வைப்பாள். வேளைக்கு ஒரு துண்டு உடைத்து, கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரிலேயே உருகவிட்டு, அந்தக் கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு, சத்து மருந்து இரண்டு சொட்டு விட்டு ஊறவைப்பாள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அதன் முகத்துக்கு நேரே லேசாக ஆட்டி ஆட்டி விடுவாள், உயிரோடு நீந்துகிற மாதிரி. மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கெடும். ஆவணி பிறப்பதற்குள் சுபேதார் அவள் விரலில் வாலைச் சுற்றிக்கொண்டு கூனி வாங்கப் பழகிவிட்டது. அவளுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை. வேலைக்காலம் முழுக்க ஆட்களை விரட்டியே சம்பளம் வாங்கியவள். கிட்டே வா என்று கூப்பிட்டு வந்தது இதுதான் முதல்.

ஐப்பசிக் கடைசியில் சுபேதாரின் வயிற்றுப் பை உப்ப ஆரம்பித்தது. கடல்குதிரையில் ஆண்தான் சுமக்கும். பெண் முட்டையை அதன் பையில் வைத்துவிட்டுப் போய்விடும், மீதி பாடெல்லாம் ஆணுக்குத்தான். இது தெருவுக்குத் தெரிந்ததும் பாண்டித்துரைபாடு திண்டாட்டமாகப் போயிற்று. டீக்கடையில் அவனைப் பார்த்து மசக்கைக்கு மாங்காய் வேண்டுமா அண்ணாச்சி என்று கேட்டார்கள். அவன் கோபப்படவில்லை. பிரசவத்துக்கு வந்த மகளை அப்பன் பார்த்துக்கொள்கிற மாதிரி, காலையில் எழுந்ததும் போய்ச் சுபேதார் வயிற்றைப் பார்ப்பான். நன்றாகத் தின்றால்தான் பைக்குள் இருக்கிறது பிழைக்கும் என்று ஜெயபிரியா சொன்னதால், நாலு வேளைக் கூனியாயிற்று.

அதே நேரத்தில்தான் கார்த்திகை பிறந்தது. பாண்டித்துரைக்கு இது பதினெட்டாம் மலை. அய்யப்பனுக்கு மாலை போடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய வருசம் இல்லை. தென்னங்கன்றைச் சுமந்துபோய்ச் சபரிமலையில் நட வேண்டும், இறங்கி வந்தால் அவனும் குருசாமி. கன்னிசாமியாகப் போன நாளிலிருந்து ஒரு வருசம் விடாமல் போனவன். இந்த வருசப் பூசையும் அன்னதானமும் தன் வீட்டில்தான் என்று, தன்னோடு மலைக்கு வருகிற கூட்டத்தாரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். வீட்டில் மீன் இருக்கக் கூடாதே என்கிற பேச்சு வந்தபோது, கூனியைப் பின்கட்டுச் சின்னக் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுகிறேன், தீனி கொடுக்கிற கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்கு வருகிறேன் என்று அவள் சொன்னாள். அவனும் சரி என்றான்.

குற்றாலநாதர் கோயிலில் அவன் மாலை போட்ட மூன்றாம் நாள், கடையத்தில் ஒரு வளைகாப்பு. தவிர்க்க முடியாத சொந்தம். ஒரு ராத்திரி தங்கவேண்டி வந்தது. எத்தனை துண்டு, எப்போது என்று பாண்டித்துரையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் கூட்டத்துச் சாமிகள் வீட்டைக் கழுவிவிட வந்தார்கள். பூசை நடக்கப்போகிற வீடாயிற்றே. யாரோ பின்கட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார். சாமி வீட்டிலா மீன் என்று ஒருத்தர் கேட்க, பதினெட்டாம் மலைக்காரனுக்கு மானம் போய்விட்டது. அத்தனை பொட்டலத்தையும் வாரிக் கொண்டுபோய்த் தெருக்கோடியில் பூனைக்குப் போட்டான். அப்படியானால் இதுகளுக்குத் தீனி? என் வீட்டுத் தங்கமீன் அவலைத்தான் தின்கிறது என்று ஒரு சாமி சொன்னார். ஊறவைத்த அவலும் பாசிப்பயறுப் பொடியும் தொட்டிக்குள் விழுந்தன. தின்னவில்லை என்றதும் இன்னொரு கை போட்டிருக்கிறார்கள். கடவுளுக்குப் படைக்கிறதை மீன் மட்டும் வேண்டாமென்றா சொல்லும் என்கிற நினைப்பு. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், அதை இல்லையென்று சொல்ல முடியாது.

மறுநாள் மத்தியானம் அவள் வந்து பார்க்கும்போது தொட்டித் தண்ணீர் கஞ்சி மாதிரி நாறிக்கொண்டிருந்தது. இருப்பதில் சின்னப் பெண் கடல்குதிரை செத்துக் கிடந்தது. சுபேதார் அடியில் ஒரு கல்லோடு ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கியது. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் டிரம்மில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாண்டித்துரையும் கூடவே வாளி தூக்கினான். சரணம் சரணம் என்று முனகினான். அவளுக்கு அந்த வாளியைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. சுபேதார் பிழைத்துக்கொண்டது.

அடுத்தது கூனிக்கு எங்கே போக? பாதி ஊர் மாலை போட்டுவிட்டது, கார்த்திகையில் மீன் போணியாகாது என்று கடற்கரை இந்தப் பக்கம் வண்டி விடுவதையே நிறுத்தியிருந்தார். போனில் பிடித்து, கெஞ்சவில்லை, அதட்டினாள். மறுநாள் பாவூர்சத்திரம் சந்தை முக்கு வரை கொண்டுவந்து தந்தார். ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பஸ் முழுக்கக் கறுப்பு வேட்டி. வாடை வருகிறதே, இறங்கிக்கொள்ளக் கூடாதா அம்மா என்று ஒரு சாமி கேட்டார். இவளும் டிக்கெட்டு எடுத்திருப்பதாகச் சொல்லி ஜன்னலை மட்டும் திறந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் பாண்டித்துரை நின்றான். விரதக் காலத்தில் பெண்டாட்டியானாலும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், மாளிகைப்புறம் என்பார்கள். அவளும் அவனைச் சாமி என்றுதான் சொல்ல வேண்டும்.

“மாளிகைப்புறம், அது வீட்டுக்குள்ள வேண்டாம்” என்றான். பக்கத்து வீட்டு ஹம்னா தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாளாம். பெட்டியை மட்டுமில்லை, தொட்டியையும் அங்கேயே மாற்றிவிடலாம், மகரஜோதி முடிகிற வரைக்கும் அவளும் அங்கேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னான். ஹம்னா தங்கமான பிள்ளை, அதில் குறையில்லை. ஆனால் அவ்வளவு பெரிய தொட்டியைக் காலிசெய்து தூக்கினால் சினையாக இருக்கிற சுபேதார் தாங்காது. அதையும்விட, அங்கேயே போய்ப் பார்த்துக்கொள் என்ற சொல் அவளுக்கு எங்கேயோ போய்த் தைத்தது.

“சாமி, ஒண்ணு கேக்குதேன்” என்றாள். குரல் ஏறவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. “பதினேழு வருசம் நீங்க மாலை போட்டிருந்தப்ப, எனக்குத் தூரமான நாளெல்லாம் நான் எங்கன படுத்தேன்?”

அவன் கழுத்து மாலையை உருட்டினான். பதிலையும் அவளே சொன்னாள்.

“ஸ்டேஷன் பெஞ்சுல. ஜெயாவுக்குப் பரிச்சை இருந்தப்பவும் போனேன், எனக்குக் காச்ச அடிச்சப்பவும் போனேன். ஒருத்தரும் என்னைய வெளிய தள்ளல, உங்க விரதம் நல்லா நடக்கணும்னு நானாத்தான் போனேன். இப்ப எனக்கு அந்தச் சோலி நின்னு போச்சு. இந்த வருசமாவது என் வீட்டுல நான் நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சா, இப்ப கூனியச் சொல்லி வெளிய அனுப்புதிய. நான் போகமாட்டேன். கடல்குதிரைக்கு யாரும் மாலை போடல. விரதம் உங்களுக்கு. இந்தத் தடவை சாமி போகட்டும்.”

சொல்லிவிட்டு அவனைத் தாண்டி உள்ளே போய்ப் பின்கட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பொட்டலத்தை அடுக்கினாள். ஒவ்வொன்றையும் அடித்து அடித்து வைத்தாள். இத்தனை வருசமாக இதைச் சொல்லாமல் இருந்தோமே என்கிற ஆத்திரத்தில்.

சாயங்காலம் குருசாமி வந்தார். பரமசிவன் குருசாமி, செங்கோட்டைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிற சாந்தமான மனுசர். அவர் வந்து சொன்னால் அவள் இறங்கிவிடுவாள் என்று கூட்டம் நம்பியது. தொட்டிக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் சுபேதாரைப் பார்த்தார். உயிரைக் கொல்லாமல் இருப்பதுதானே அம்மா விரதம், அந்தக் கூனியும் உயிர்தானே என்று தன்மையாகத்தான் கேட்டார்.

“கூனி செத்துத்தான் எங்கிட்ட வருது குருசாமி. நேத்து இந்த வீட்டுல செத்தது கூனி இல்ல. அவலத் தின்னுன்னு சொல்லி ஒண்ணைக் கொன்னது விரதக்காரங்கதான்” என்றாள்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் அவரைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடவில்லை, அதனால் தீர்ப்பை ஏற்கவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். பூசையும் அன்னதானமும் தன் வீட்டுக்கு மாறும், பாண்டித்துரை குற்றாலத்தில் சாமிகள் தங்குகிற கொட்டகையில் இருந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பாண்டித்துரை ஜோல்னாப் பையில் இரண்டு வேட்டியைத் திணித்துக்கொண்டு கிளம்பினான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் ஒன்றும் கல் இல்லை. பதினெட்டாம் மலைப் பூசை தன் வீட்டில் நடக்கப்போகிறது என்று அவளும்தான் ஆசைப்பட்டிருந்தாள். சாமிகளுக்குப் பரிமாறப் புதிதாக அண்டாக்கூட வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பூசை நடந்த அன்றைக்கு, தூரத்தில் சரண கோஷம் எங்கேயோ கேட்டபோது, எழுந்துபோய்க் குளிர்பெட்டிக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். எல்லாவற்றையும் வாரி ஹம்னாவிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் அவர்களோடு நின்றுவிட்டால் என்ன? ஒரே நிமிசம்தான். சுபேதாருக்கு மத்தியானத் துண்டை உடைத்து எடுத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஏட்டம்மா புருசனை விரட்டிவிட்டாள், அதுவும் மீனுக்காக என்று தேரடி வரை பேச்சு. பாண்டித்துரையின் அக்கா குருவம்மாள் ஆட்டோ பிடித்து வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். தம்பியின் மலையைக் கெடுத்துவிட்டாயே என்றாள்.

“மலை அங்கனதான் இருக்கு மதினி, யாரும் கெடுக்கல. காப்பி குடிக்கியளா?”

குருவம்மாள் மீன் வீட்டில் காப்பி வேண்டாமென்று எழுந்துபோனாள். போகும்போது தொட்டியை ஓரக்கண்ணால் பார்க்கத் தவறவில்லை.

மார்கழி பிறந்து ஒரு காலையில் சுபேதார் முன்னாலும் பின்னாலும் வளைந்து வளைந்து உடம்பை முறுக்கியது. பையின் வாய் திறந்தது. குபுக் குபுக்கென்று புகை விடுகிற மாதிரி குட்டிகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் வெட்டிப்போட்ட நூல் துண்டு அளவுதான், ஆனால் அத்தனையும் முழுக் கடல்குதிரை. சங்கரேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஹம்னா யாரிடம் சொன்னாளோ, கொஞ்ச நேரத்தில் பாண்டித்துரை கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். அருவியில் குளித்துவிட்டு அப்படியே வந்திருக்கிறான், தலையில் தண்ணீர் சொட்டியது. சுபேதார் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லா இருக்கு, உள்ளே வந்து பாருங்க என்றாள். அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போய்விட்டான்.

அன்றைக்கு வந்த வருத்தத்தை வேலை தின்றுவிட்டது. குட்டிக்குக் கூனி பெரிது. பொரிந்த அன்றைக்கே ஆர்ட்டிமியாக் குஞ்சைக் கொடுத்தாக வேண்டும், ஒருநாள் தள்ளினால் அதில் சத்தில்லை. பாட்டில் மாற்றிப் பாட்டில் பொரிக்கவிட்டு, முட்டைத் தோடு குட்டியின் தொண்டையில் சிக்காமல் வடிகட்டி, மணிக்கொருதரம் கொடுத்தாள். ஆனாலும் பாதிக்கு மேல் நிற்கவில்லை. நின்றவை வாலால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தின்றன. முழங்கால் வீங்கியது. பரவாயில்லை என்று தைலத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

மலைக்குக் கிளம்புகிற நாள் வந்தது. குருசாமி வீட்டில் இருமுடி கட்டு. புருசன் இருமுடியில் பெண்டாட்டி அரிசி போட வேண்டும், அது முறை. அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று கூட்டத்தில் பேச்சு நடந்ததாகக் கேள்வி. கூப்பிடும்வரை அவள் காத்திருக்கவில்லை. காலைத் தீனியைக் கொடுத்துவிட்டு, தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். அத்தனை கண்ணும் அவள்மேல்தான். மூன்று கைப்பிடி அரிசியை அள்ளிப் பைக்குள் போட்டாள். பாண்டித்துரை குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான்.

சாமிகள் வாசல் தேங்காயை அவரவர் வீட்டுப் படியில் உடைத்துவிட்டுத்தான் மலைக்குப் புறப்படுவார்கள். பாண்டித்துரை மட்டும் பிள்ளையார் கோயில் வாசலில் உடைத்துக்கொள்ளட்டும் என்று குருசாமி சொன்னதை அவள் காதாலேயே கேட்டாள். அந்தச் சொல்லுக்கு நின்று அழ அவளுக்கு நேரம் இல்லை. மத்தியானத் தீனி இருந்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல், துண்டை உடைத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

கூனி உருகிக்கொண்டிருக்கும்போது வாசலில் வேன் சத்தம் கேட்டது. சிரிஞ்சும் கையுமாக வெளியே வந்தாள். பாண்டித்துரை இறங்கிக்கொண்டிருந்தான். தலையில் இருமுடி, ஒரு கையால் அதைப் பிடித்திருந்தான், மறு கையில் தேங்காய். தென்னங்கன்று வேனில் இருந்தது. அவன் பிள்ளையார் கோயிலில் உடைக்கவில்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு நேரே படிக்கு வந்தான். வேனுக்குள்ளிருந்து குருசாமி, “சாமி, அது மீன் இருக்க வீடு” என்றார்.

“தெரியும் குருசாமி. நான் இருக்க வீடும் இதுதான்” என்றான் பாண்டித்துரை.

ஓங்கிப் படியில் அடித்தான். தேங்காய் சிதறியது, ஒரு சில்லு அவள் காலைத் தாண்டி நடுக்கூடம் வரை போய்த் தொட்டிக்கு அடியில் விழுந்தது. மலைக்குப் போகிறவன் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. அவன் சொல்லவில்லை, பார்க்கவில்லை. வேனில் ஏறினான். தெருவில் இருந்தவர்கள் சரணம் சொன்னார்கள். சங்கரேஸ்வரி வேன் திரும்புகிறவரை படியிலேயே நிமிர்ந்து நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சுபேதாருக்குக் கூனி கொடுத்தாள்.